பாயில் பேசுற மாதிரியே போனிலும் பேசுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓர் ஊக்குநர் ஆற்றிய உரை)

  

வாட்ஸ்அப் குரூப்பில் மரியாதையாகப் பேசுவது பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். அந்த மரியாதையை மீறினவள் நான். அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

நம்ம குழுக் கூட்டம் எப்படி நடக்கும்? பாய் விரிச்சு வட்டமா உட்காருவோம். தவணை கட்டாதவங்களை அங்கேயும் கேட்போம், சத்தமும் போடுவோம். ஆனா அவங்க முகம் வாடினா நம்ம கண்ணுக்குத் தெரியும். கண் கலங்கினா, பக்கத்துல இருக்கிறவங்க "விடுங்கக்கா, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்"னு சொல்லிடுவாங்க. முடிஞ்சதும் டீ குடிச்சிட்டு ஒண்ணாத்தான் வீட்டுக்குப் போவோம்.

2020-இல் கொரோனா வந்து சேர்ந்து உட்கார முடியாமப் போனப்பதான் நாங்க குரூப் ஆரம்பிச்சோம். கூட்டத் தேதி, பேங்குக்கு யார் போறது, சேமிப்புக் கணக்கு எல்லாம் அதிலேயே வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அக்காக்கள் வாய்ஸ் போட்டாங்க. ரொம்ப உதவியாத்தான் இருந்தது.

அப்புறம் 2023 டிசம்பர் வந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட கொசஸ்தலை ஆத்துலயும் முகத்துவாரத்துலயும் எண்ணெய் வந்து படிஞ்சதை நீங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. படகு, வலை எல்லாம் கறுப்பாச்சு. எண்ணூர் மீனுன்னாலே வாங்க ஆள் இல்லை. அரசாங்கம் நிவாரணம் அறிவிச்சப்போ சில குடும்பங்களுக்கு 12,500 ரூபாய், சில குடும்பங்களுக்கு 7,500 ரூபாய். அவ்வளவுதான், குரூப்ல சண்டை ஆரம்பிச்சிருச்சு. "உன் வீட்டுக்கு மட்டும் எப்படி?" "உங்க ஆளு எப்போ கடலுக்குப் போனாரு?" நேர்ல ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருக்க மாட்டோம். போன்ல கேட்டோம்.

அந்தச் சமயத்துல எங்க குழுவுல ஒரு தங்கச்சி உள்கடன் தவணை கட்டலை. மீன் வித்துத்தான் அவ கட்டணும். மீன் விக்கலைன்னு எனக்கும் தெரியும். ஆனா கணக்கை முடிக்கணுமேங்கிற எரிச்சல்ல, அவ பேரையும் தொகையையும் குரூப்ல போட்டு, "வாங்குறப்போ இனிச்சுது, கட்டுறப்போ கசக்குதா?"ன்னு எழுதிட்டேன். அதுக்கு நாலு பேர் கட்டைவிரல் தூக்கிக் காட்டினாங்க.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஏழாவது படிக்கிற அவ பையன்தான் எப்பவும் மெசேஜ் படிச்சுச் சொல்லுவான். அன்னிக்கும் மாமியார், நாத்தனார் எல்லாரும் இருக்கும்போது சத்தமாப் படிச்சுட்டான். அன்னிக்கே குரூப்பை விட்டு வெளியே போயிட்டா. பையனைக் கூட்டிக்கிட்டு பெரியகுப்பத்துல அம்மா வீட்டுக்கும் போயிட்டா. "கோபம் தணிஞ்சா வருவா"ன்னு நான் விட்டுட்டேன்.

டிசம்பர் 26 ராத்திரி. கடல்ல போற குழாயிலிருந்து அம்மோனியா கசிஞ்சு, பெரியகுப்பம், சின்னக்குப்பம் சனங்க நடுராத்திரியில குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்களே, அதே ராத்திரிதான். அந்தப் பக்கம் இருக்கிற நம்ம உறுப்பினர் ஒருத்தர், "கண்ணு எரியுது, மூச்சு முட்டுது, ஈரத்துணி மூஞ்சில வெச்சுக்கிட்டு வெளியே வாங்க"ன்னு குரூப்ல வாய்ஸ் போட்டாங்க. கொஞ்ச நேரத்துல எல்லாருக்கும் தெரிஞ்சுது. குரூப்ல இல்லாத ஒருத்தியைத் தவிர.

எனக்கு அப்போதான் அவ ஞாபகம் வந்தது. போன் பண்ணினேன். என் நம்பரைப் பார்த்து எடுக்கலை. மூணு தடவை பண்ணினேன். அப்புறம் இன்னொரு அக்கா போன்ல இருந்து கூப்பிட்டப்பதான் எடுத்தா. அதுக்குள்ள வெளியே வந்துட்டா. "பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டினாங்கக்கா"ன்னு மட்டும் சொல்லி வெச்சிட்டா. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலை.

மறுவாரம் அவ அம்மா வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அதோட விடாம, எந்த குரூப்ல அந்த வார்த்தையைப் போட்டேனோ அதே குரூப்லயும் கேட்டேன். எல்லாருக்கும் முன்னாடி பேசிட்டு தனியா மன்னிப்புக் கேட்டா கணக்கு நேராகாதுன்னு எனக்குத் தோணிச்சு. மெசேஜை எல்லாருக்கும் அழிக்கிற வசதி போன்ல இருக்கு. ஆனா அந்தப் பையன் படிச்சதை அழிக்க முடியாது.

இன்னொண்ணும் சொல்லணும். 2018 மே மாசம் "பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க"ன்னு வாட்ஸ்அப்ல வதந்தி சுத்தினது. அதை நம்பி நமக்குப் பக்கத்துல பழவேற்காட்டுலயும், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துலயும் ஒரு பாவமும் அறியாதவங்களை அடிச்சே கொன்னாங்க. அனுப்பினவங்க ஒவ்வொருத்தரும் "வந்ததைத்தானே அனுப்பினேன்"னு நினைச்சிருப்பாங்க. நான் எழுதினதுக்குக் கட்டைவிரல் காட்டின நாலு பேரும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. ஆனா அவளுக்கு என்னோட சேர்த்து அஞ்சு பேர் அடிச்ச மாதிரி இருந்திருக்கும்.

அடுத்த கூட்டத்துல எல்லாரும் பேசித் தீர்மான நோட்டுல எழுதினோம். தவணை பாக்கிக்காரங்க பேர் குரூப்ல வராது. ரெண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போய் என்ன கஷ்டம்னு கேட்கணும். நிவாரணம், மானியம் பற்றின சந்தேகமெல்லாம் கூட்டத்துல மட்டும். கோபம் வந்தா எழுதி வெச்சிட்டு, விடிஞ்ச பிறகும் அனுப்பணும்னு தோணினா அனுப்பலாம். யார் கண்ணால பார்த்ததுன்னு தெரியாத சேதியை அனுப்பக் கூடாது. ராத்திரி ஒன்பதுக்கு மேல ஆபத்துச் சேதி மட்டும். எல்லாத்துக்கும் மேல, யாராவது குரூப்பை விட்டுப் போனா ஊக்குநர் அன்னிக்கே நேர்ல போய்ப் பார்க்கணும்.

வாரக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துறது, கணக்கு எழுதுறதுன்னு நமக்கு அஞ்சு சூத்திரம் சொல்லிக் கொடுத்தாங்க. இந்த அஞ்சும் நடக்கணும்னா ஒருத்தி விட்டுப் போகாம இருக்கணும். நம்ம ஊர்ல கடலும் காத்தும் எப்போ எப்படி மாறும்னு தெரியாது. மாறுற அன்னிக்கு எல்லாருக்கும் சேதி போகணும்னா, மத்த நாள்ல யாரையும் வெளியே தள்ளாம பேசணும்.

அந்தத் தங்கச்சி ரெண்டு மாசம் கழிச்சுக் கூட்டத்துக்கு வந்தா. பாக்கியை மூணு தவணையாக் கட்டி முடிச்சிட்டா. இன்னிக்கு இங்கே முன்வரிசையில உட்கார்ந்திருக்கா. அவகிட்ட கேட்டு, அவ சரின்னு சொன்ன பிறகுதான் இதை நான் பேசினேன்.