மூன்றாம் நிலையோடு நின்றுவிட வேண்டாம்

(திருவிழாவின் ஆறாம் நாள் மாலை ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு குழுவினர் பணித்தனர். பல்கலைக்கழகம் புகும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இம்மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம். நான் பேச விழைவது இம்மேடைக்கு வராத பிள்ளைகளைப் பற்றி. எஸ்.பி.எம். தேர்வில் குறைந்த புள்ளிகள் பெற்றுத் தொழிற்பயிற்சிக்குச் சென்று, வெல்டிங்கோ மின்னியலோ குளிர்சாதனப் பணியோ கற்றவர்கள் அவர்கள். இன்று இப்பந்தலில் விளக்கு எரிவதும் அவர்கள் கைவண்ணமே.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இளைஞர், குளிர்சாதனத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழின் மூன்றாம் நிலையை முடித்தார். மேலே படிக்க வைக்கலாமா என்று அவருடைய தந்தையார் என்னை வினவினார். "கையில் தொழில் இருக்கிறது, பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர் வெள்ளி, இன்னும் எதற்குப் படிப்பு?" என்று விடை கூறியவன் நான்தான். இன்றளவும் அவர் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறார். வருமானத்தில் குறையில்லை. ஆனால் அவரிடம் வேலை பழகிய பட்டதாரிகள் இரண்டே ஆண்டுகளில் அவருக்கு மேலதிகாரிகளாகிவிடுகின்றனர். சென்ற ஆண்டு அன்னதானக் கூடத்தில், "ஐயா, நான்காம் நிலை என்று ஒன்று அப்போதே இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது. எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் அன்று எனக்கு மனம் வரவில்லை.

அன்பர்களே, நம் நாட்டுத் திறன் தகுதிகள் ஐந்து நிலைகளைக் கொண்டவை. முதல் மூன்றும் சான்றிதழ், நான்காவது திறன் டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா, அதற்கப்பால் பட்டப்படிப்பு. மூன்றிலிருந்து நேரே பட்டப்படிப்புக்குத் தாவ இயலாது என்பது மெய்யே. ஆயினும் இடையில் படிகள் உள்ளன. தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் நான்கினுள் ஒன்று நம் மாநிலத்திலேயே, பத்து பகாட்டை அடுத்த பாரிட் ராஜாவில் இருக்கிறது. 1993இல் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான பயிற்சி நிலையமாகத் தோன்றி, 1996இல் கழகமாகி, 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகி, 2007இல் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் என்னும் பெயர் பெற்றது. அதுவும் படிப்படியாக ஏறி வந்ததுதான்! அதன் பாகோ வளாகத்தில் பொறியியல் தொழில்நுட்பப் பட்டப்படிப்புகள் நடைபெறுகின்றன.

பணமில்லை என்பார் சிலர். திறன் பயிற்சிக்கு பி.டி.பி.கே. கடனுதவியும், பட்டப்படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடனுதவியும் உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தவறியவர்கள் அவற்றை மட்டும் மீண்டும் எழுதலாம். அரசுப் பல்கலைக்கழகத்தை நாடுவோர் இதனை முதலில் முடித்துவிடுதல் நலம்.

நம் பிள்ளைகள் உண்மையில் இடறுவது கணிதத்தில். கம்ப்ரசரின் ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லும் பையனை, ஓர் அறையின் வெப்பச் சுமையைக் கணக்கிட்டு, அதனை அறிக்கையாக எழுதச் சொன்னால் திகைத்துப் போகிறான். மூன்றாண்டுகள் கணிதப் புத்தகத்தையே தொடாதவன் அவன். வகுப்பில் மற்றவர் முன் கேட்க வெட்கம். முதல் பருவத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறான். நாமும், "அவனுக்குப் படிப்பு ஏறாது என்று அன்றே சொன்னேனே" என்கிறோம். படிப்பு ஏறாதவனல்லன் அவன். ஏறும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லாதவன்.

வேலைக்குச் சென்று நெடுநாளானவர்களுக்கும் வழியுண்டு. ஏப்பல் எனப்படும் முன்னனுபவக் கற்றல் அங்கீகாரத்தின்படி, இருபத்தொரு வயது நிரம்பித் தக்க பணி அனுபவம் உடையோர், தேர்வெழுதித் தம் அனுபவத்தைத் தொகுத்துக் காட்டினால் பட்டப்படிப்பில் சேரும் தகுதியைப் பெறலாம். நான் குறிப்பிட்ட இளைஞர் இப்போது அதற்கான தொகுப்பைத்தான் தயாரித்து வருகிறார். பழைய முதலாளிகளுள் இருவர் கடையை மூடிவிட்டமையால் அனுபவக் கடிதம் பெற முடியாமல் அல்லற்படுகிறார். ஆதலால் இளைஞர்களே, ஒவ்வொரு வேலையை விட்டு வரும்போதும் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செய்த வேலையைப் படமெடுத்து வையுங்கள்.

நிர்வாகக் குழுவிடம் நான் ஒன்று வேண்டினேன், அவர்களும் இசைந்தனர். மலர் அலங்காரத்தைக் குறைக்குமாறு நான் சொல்லவில்லை. அம்பாளுக்கு உரியது அம்பாளுக்கே. நூலக அறையின் சாவியை மட்டும் கேட்டேன். நம் உறுப்பினர்களான பொறியாளர் இருவர், சனிக்கிழமைதோறும் இரவுப் பூசைக்குப் பின் கணிதமும் அறிக்கை எழுதும் முறையும் ஊதியமின்றிக் கற்பிக்க முன்வந்துள்ளனர். திருவிழா நிறைவுற்ற மறு சனிக்கிழமை முதல் வகுப்பு. அவ்விளைஞரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நிலையை முடித்த அல்லது முடிக்கவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன், சான்றிதழின் நகலோடு என்னை வந்து காணுமாறு வேண்டுகிறேன். இம்முறை தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன். தெரிந்தவரிடம் அழைத்தும் செல்வேன்.