நினைத்து நினைத்து உழலும் மனம்



1989 அக்டோபர் 17, மாலை ஐந்து மணி தாண்டியிருக்கும். கலிஃபோர்னியாவின் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரம் 6.9 அளவு நிலநடுக்கத்தில் குலுங்கியது. 63 பேர் இறந்துபோனார்கள். பக்கத்தில் இருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர் சூசன் நோலன் ஹோக்சிமா. நிலநடுக்கத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் அவர் மாணவர்களிடம் ஒரு வினாத்தாளை நிரப்பி வாங்கியிருந்தார். மனம் சோர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது அதில் ஒரு கேள்வி.

பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களை மறுபடி விசாரித்தார். 'எனக்கு ஏன் இப்படி ஆகிறது' என்று சோர்வையே நினைத்து நினைத்து உழலும் சுபாவக்காரர்கள்தான் கூடுதலாகச் சோர்ந்திருந்தார்கள். முன்பே இருந்த சோர்வைக் கழித்துப் பார்த்தாலும் அப்படித்தான். மனச்சோர்வு நோய் வந்தபின் 'அவன் எப்பவுமே அப்படித்தான்' என்று யாரும் சொல்லிவிடலாம். இங்கே சுபாவத்தை முன்கூட்டியே அளந்திருந்தார்கள் என்பதால்தான் இந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சட்டென்று கலங்கும் சுபாவமும் இதேபோல் மனச்சோர்வுக்கு இடம் கொடுப்பதுதான். யேல் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சிட்னி பிளாட் இப்படிப்பட்ட இன்னும் இரண்டு சுபாவங்களைச் சொன்னார்: பிறர் அன்பையே அண்டி நிற்பது, தன்னையே ஓயாமல் குறைசொல்லிக்கொள்வது. இரண்டாவதுதான் எனக்குக் கவலை தருகிறது. நூற்றுக்கு 98 வாங்கிய பெண், போன இரண்டு மதிப்பெண்ணை நினைத்துச் சாப்பிடாமல் படுத்துவிடுகிறாள். வீட்டில் 'பொறுப்பான பிள்ளை' என்று மெச்சுகிறார்கள். அந்த மெச்சுதலிலேயே அவள் படும் பாடு மறைந்துபோகிறது.

இந்தச் சுபாவங்கள் இருப்பவர்கள் எல்லோருக்கும் மனச்சோர்வு நோய் வந்துவிடாது. ஒரு சாவு, வேலை போவது, உறவு முறிவது என்று ஏதாவது வந்து மோதும்போதுதான் பெரும்பாலும் ஆபத்து. அப்போது 'அதையே நினைக்காதே' என்று சொல்வதில் பயனில்லை. அவரை எழுப்பி, கூடவே கடைத்தெரு வரை நடந்துவாருங்கள். காய் நறுக்கச் சொல்லுங்கள். கைக்கு ஒரு வேலை கிடைத்தால் அந்த உழல்தல் சற்றாவது அறுபடும். உளவியல் சிகிச்சையிலும் இதை முறையாகவே பயிற்றுவிக்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மருத்துவரிடம் போய்விடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.