கடலின் வயிறும் கரியமிலவாயுவும்



எவ்வளவு கொட்டினாலும் கடலுக்கு வயிறு நிறையாது என்று ஜனங்கள் நினைப்பதுண்டு. எழுத்தறியாதவர்கள் மாத்திரம் அப்படி நினைத்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பெரிய விஞ்ஞானிகளிலும் அநேகர் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தார்கள்.

விஷயம் என்னவென்றால், நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தால் கரியமிலவாயு உண்டாகிறது. அது ஆகாயத்தில் சேரச் சேர, பூமியின் உஷ்ணம் வெளியே போவது தடைப்பட்டுச் சூடு ஏறுகிறது. ஸ்வீடன் தேசத்து அர்ரீனியஸ் என்பவர் 1896-லேயே இதற்குக் கணக்குப் போட்டார். ஆனால் "கடல் விழுங்கிவிடும், கவலை வேண்டாம்" என்பதே படித்தவர்கள் பலருடைய சமாதானமாக இருந்து வந்தது.

1957-ல் அமெரிக்காவில் ரெவெல், சூஸ் என்ற இருவர், கடலின் மேல்மட்டத் தண்ணீர் அவ்வளவு லேசில் வாயுவை வாங்கிக்கொள்ளாது என்று எடுத்துக் காட்டினார்கள். அடுத்த வருஷம் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவில் மௌனாலோவா மலைமீது காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. இன்று அது 420-க்கு மேல். கடல் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தால் இந்த எண் ஏறியிருக்குமா? யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் கடல் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்கிறது. மனிதன் வெளியே விடுகிற கரியமிலவாயுவில் ஏறக்குறைய கால்பங்கை அது வாங்கிக்கொள்ளுகிறது. 1960-களில் வருஷத்துக்குச் சுமார் 400 கோடி டன் வாங்கிற்று. இப்போது சுமார் 1000 கோடி டன் வாங்குகிறது. இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, கடலின் சக்தி வளர்ந்துவிட்டது" என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். அதுதான் தப்பு.

கோலி சோடா செய்கிறவனைப் பாருங்கள். வாயுவை அழுத்தி ஏற்றினால் தண்ணீரில் அதிகம் கரைகிறது. அதுபோல் காற்றில் வாயு பெருகி அழுத்துவதால்தான் கடல் அதிகம் வாங்குகிறது. அதன் சக்தி வளர்ந்ததால் அல்ல. அதே சோடாவை வெய்யிலில் வைத்துத் திறந்தால் பொங்கி வழிகிறதல்லவா? சூடான தண்ணீரில் வாயு தங்காது. கடலோ வருஷா வருஷம் சூடாகி வருகிறது.

மற்றொன்று. கடல்நீரில் கார்பனேட் என்னும் ஒரு சரக்கு கரைந்திருக்கிறது. உள்ளே வருகிற வாயுவை அதுவே பிடித்துக் கட்டிப்போடுகிறது. அது செலவாகச் செலவாக, அடுத்து வருகிற வாயுவுக்கு இடம் குறைந்துகொண்டே போகும்.

நிற்க, இந்த வரவு வருஷத்துக்கு வருஷம் ஒரே அளவாகவும் இருப்பதில்லை. பசிபிக் கடலில் எல்நினோ என்னும் மாறுதல் வருகிற வருஷங்களில், வாயு நிறைந்த ஆழத்துத் தண்ணீர் மேலே வருவது குறைகிறது. அதனால் கடல் அதிகம் வாங்கியதாகத் தெரிகிறது. 1990-களில் கடலின் வரவு மந்தப்பட்டது. 2000-க்குப் பின் மறுபடி ஏறிற்று. ஆகவே ஒரு வருஷத்தைப் பார்த்துப் பயப்படுவதும் பிசகு, தைரியப்படுவதும் பிசகு. பல வருஷக் கணக்கையே பார்க்கவேண்டும்.

கடல் வாங்கியது சும்மாவும் இருப்பதில்லை. ஆலைகள் பெருகத் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை கடலின் மேல்நீரில் அமிலத்தன்மை சுமார் 30 சதவிகிதம் ஏறியிருக்கிறது. 2007, 2008 வாக்கில் அமெரிக்காவின் மேற்குக் கரையில், சிப்பி வளர்க்கிறவர்களுடைய தொட்டிகளில் குஞ்சுகள் கோடிக்கணக்கில் செத்தன. முதலில் நோய்க்கிருமி என்று சந்தேகித்தார்கள். பிறகு தண்ணீரைச் சோதித்ததில், கரியமிலவாயு மிகுந்த ஆழத்து நீரில் குஞ்சுகளுக்கு ஓடு கட்ட முடியவில்லை என்று தெரிந்தது. தண்ணீரை அளந்து, சலவைச் சோடா சேர்த்துத் தொழிலைக் காப்பாற்றினார்கள். பூசை போட்டுக் காப்பாற்றவில்லை. ஆனால் தொட்டிக்குச் சோடா போடலாம். சமுத்திரத்துக்கு யார் போடுவது?

தோழர்களே! கடலுக்குக் கோபமுமில்லை, கருணையுமில்லை. அதிகம் எரித்துப் பணம் சேர்த்தவன் ஒருவன். கடலை நம்பிப் பிழைத்துக் கஷ்டப்படுகிறவன் வேறொருவன். ஆகையால் "கடல் பார்த்துக்கொள்ளும்" என்று யார் சொன்னாலும், அவர் சாமியாரானாலும் முதலாளியானாலும் சர்வகலாசாலைப் பண்டிதரானாலும், "எவ்வளவு பார்த்துக்கொள்ளும், எத்தனை காலத்துக்கு?" என்று கேளுங்கள். எரிப்பதைக் குறைக்கவேண்டிய வேலை நம்முடையதே ஒழியக் கடலினுடையதல்ல என்று சொல்லி, இத்துடன் என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.