அழகு மாத்திரை தேவைதானா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



"இதுல ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கு, சாப்பிட்டா முகம் பளபளக்கும், சுருக்கமே வராது" என்று சொல்லி மாத்திரை விற்கிறார்கள். மாதம் 500 ரூபாய் என்றாலும் வருடத்துக்கு 6,000 ரூபாய். நம்ம சேமிப்புப் பணம் அது. கொடுக்கும் முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

வெயில் பட்டால் தோலுக்குள் 'ஃப்ரீ ராடிக்கல்' என்னும் கெடுதலான பொருட்கள் உண்டாகின்றன. அவற்றை அடக்குவது ஆன்டி ஆக்ஸிடன்ட். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் எல்லாம் இந்த வகைதான். இதுவரை உண்மை. அதையே மாத்திரையாக விழுங்கினால் தோல் இளமையாக இருக்குமா?

ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு பீட்டா கரோட்டின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. அவர்களிலேயே ஒரு பகுதியினரைத் தினமும் வெயில் தடுப்பு கிரீம் பூசச் சொன்னார்கள். அவர்களில் 55 வயதுக்குக் குறைந்தவர்களின் தோலைப் பார்த்ததன் முடிவு 2013-ல் வந்தது. தினமும் கிரீம் பூசியவர்களுக்குத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. மாத்திரையால் பலன் தெரியவில்லை.

பிரான்ஸ் நாட்டில் சுமார் 13,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2007-ல் வந்தது. வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், செலினியம், துத்தநாகம் சேர்ந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு, சாப்பிடாத பெண்களைவிடத் தோல் புற்றுநோய் அதிகம் வந்திருந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகு அந்த வித்தியாசம் மறைந்தது.

வீட்டில் பீடி, சிகரெட் குடிப்பவர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் என்று 1994-ல் தெரிந்தது.

அப்போ என்ன செய்யலாம்? நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, பப்பாளியில் இந்தச் சத்தெல்லாம் இருக்கிறது. காட்டு வேலைக்கு முழுக்கைச் சட்டை போடுவோம், தலைக்குத் துண்டு கட்டுவோம். உச்சி வெயில் வேலையை முடிந்தவரை காலையிலேயே முடிப்போம். உணர்ச்சியில்லாத வெளிர் தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

ஒன்றை மறக்காதீங்க. டாக்டரோ நர்ஸம்மாவோ கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வேறு. அதை நிறுத்தக் கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் சொல்லுங்கள்.