இணைப்பு விமானத்தைத் தவறவிடாமல் இருக்க
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பிள்ளைகளைப் பார்க்கத் தனியாக அமெரிக்கா செல்லும் பெரியவர்கள் பலர். அவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

பிராங்பர்ட் வழியாகச் சிகாகோ போகிறீர்கள். சென்னையிலேயே விமானம் 3 மணி நேரம் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பயணங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைவென்று தனித்தனியாக எடுத்திருந்தால், இரண்டாவது டிக்கெட் பணம் பெரும்பாலும் போனதுதான். பெட்டியை எடுக்க வெளியே வர நேர்ந்தால் ஷெங்கன் விசாவும் வேண்டும். டிக்கெட் போடும் பிள்ளைகளிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

தாமதம் தெரிந்ததும் சென்னை கவுண்டரிலேயே மாற்று விமானம் கேளுங்கள். விமானத்துக்குள் பணியாளர்களிடமும் சொல்லி வையுங்கள். இறங்கியதும் வெளியேறும் வழியில் போகாமல், 'டிரான்ஸ்பர்' பலகையைப் பார்த்து நடங்கள். நடக்கச் சிரமம் என்றால் சக்கர நாற்காலியை முன்பே பதிவு செய்யுங்கள்.

அமெரிக்காவுக்குள்ளும் விமானம் மாற வேண்டுமா? முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை நடக்கும். பெட்டியையும் பெரும்பாலும் அங்கேயே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதனால் 3 மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

இரண்டு மூன்று நாளுக்கான மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும். பெட்டி பிந்தி வரலாம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை பிந்தக் கூடாது.