சரக்கு மோட்டாரும் அதன் எண்ணெயும்

(செங்கோட்டை வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



காளை வண்டியில் பாரம் ஏற்றிய காலத்தில், அச்சுக்கு மை இடாமல் நெடுவழிக்கு வண்டி பூட்டிய வண்டிக்காரர் அரிது. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த அந்த மை அற்பமான பொருள்தான். எனினும் அதை இட மறந்தவருடைய வண்டி அச்சுத் தேய்ந்து நடுவழியில் நின்றது. இப்பொழுது காளையின் இடத்தில் மோட்டார் யந்திரம் வந்துவிட்டது. ஆனால் மை இடவேண்டிய கடமை நீங்கவில்லை. அது யந்திரத்தினுள்ளே சென்று, கண்ணுக்கு மறைந்துவிட்டது. கண்ணுக்கு மறைந்ததனாலேயே பலரால் அசட்டை செய்யப்படுகிறது.

செங்கோட்டை மலைவாயிலில் அமைந்த ஊர். 1904-ல் கொல்லத்துக்கு ரயில் பாதை திறக்கப்பட்ட நாள்முதல், அது இரு தேசத்துச் சரக்குகளும் கைமாறும் வாயிலாக விளங்கி வருகிறது. பாவூர்ச்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் முதலிய இடங்களிலிருந்து காய்கறிகள் புளியரை வழியாக மலையேறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் எனக் கேரளத்துக்குச் செல்கின்றன. முற்காலத்தில் லாரி வைத்திருந்த பெரிய வியாபாரிகளே செய்துவந்த இந்தத் தொழில், சிறு சரக்கு மோட்டார்கள் வந்தபின் சாமானிய விவசாயிக்கும் கைகூடியது. ஜனங்கள் குட்டியானை என்று செல்லமாக அழைக்கும் டாட்டா ஏஸ் வண்டி 2005-லும், அசோக் லேலண்டு கம்பெனியின் தோஸ்த் வண்டி 2011-லும் விற்பனைக்கு வந்தன. முன்னது முக்கால் டன்னும், பின்னது ஒன்றேகால் டன்னும் ஏற்றும்படி செய்யப்பட்டவை. இவற்றிலும் பெரிய பிக்கப் வண்டிகளும் இப்பொழுது கிராமந்தோறும் காணப்படுகின்றன.

இவ்வண்டிகளிற் பெரும்பாலானவை கடனுக்கு வாங்கப்படுகின்றன. ஆகையால் ஒரு விஷயத்தை அங்கத்தினர்கள் மறக்கலாகாது. வண்டி நின்றாலும் தவணை நிற்காது. யந்திரம் பழுதாகிவிட்டால் சொந்தக்காரருக்குப் பழுதுபார்க்கும் செலவு ஒன்று, வாடகை வருமானம் போவது இரண்டு, தவணை தவறி வட்டி ஏறுவது மூன்று என மூவகை நஷ்டம் நேருகிறது. நான்காவதாக, ஜாமீன் நின்ற உறவினரும் அண்டைவீட்டாரும் மனம் நோகிறார்கள். சில லிட்டர் எண்ணெயில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் இத்தனையும் சம்பவிப்பதை எண்ணிப்பார்த்தால், எண்ணெய் அற்ப விஷயமல்ல என்பது விளங்கும்.

எண்ணெய் செய்யும் வேலை

யந்திரத்தில் எண்ணெய் வழுவழுப்பை மாத்திரம் கொடுப்பதன்று. உராயும் இரு உலோகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று அவை ஒன்றையொன்று தொடாமற் காக்கிறது. பிஸ்டனின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு போகிறது. டீஸல் எரிவதால் உண்டாகும் கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்கிறது. அமிலங்களைச் சமன்செய்து துருப்பிடியாமல் தடுக்கிறது. எண்ணெய் சீக்கிரம் கறுத்துவிட்டது என்று சிலர் கவலைப்படுகிறார்கள். டீஸல் யந்திரத்தில் எண்ணெய் கறுப்பது குற்றமன்று. கரி உள்ளே படியாமல் எண்ணெயில் மிதக்கிறது என்பதற்கே அது அடையாளம். ஆனால் இவ்விதம் ஏந்தும் சக்திக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவு தீரும் முன்னரே எண்ணெயை மாற்றவேண்டும்.

எந்த எண்ணெய்?

புதிதாக வண்டி வாங்கிய ஒருவர் பட்டறைக்குப் போகிறார். "அண்ணாச்சி, மலை ஏறுகிற வண்டிக்குக் கெட்டியான எண்ணெய்தான் தாங்கும். என் வண்டியில் பத்து வருஷமாக அதைத்தான் ஊற்றுகிறேன்" என்கிறார் அங்கே நிற்கும் பழைய வண்டிக்காரர். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வண்டிக்கு அது சரியாக இருந்திருக்கலாம். புது வண்டிக்கு அது சரியாகாது. காரணம் பின்வருமாறு.

1. கனம். டப்பாவின்மேல் 15டபிள்யூ-40 என்றோ 5டபிள்யூ-30 என்றோ அச்சிட்டிருக்கும். எண்ணெயை அதன் கனத்தைக்கொண்டு வகுக்கும் இம்முறையை அமெரிக்க மோட்டார் யந்திர நிபுணர் சங்கத்தார் 1911-ல் தொடங்கினர். டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னுள்ள எண், குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிக்கும். அது சிறியதானால் ஓட்டம் எளிது. பின்னுள்ள எண், 100 டிகிரி உஷ்ணத்தில் எண்ணெய்க்கு உள்ள கனத்தைக் குறிக்கும். காலையில் யந்திரத்தைக் கிளப்பும்போது எண்ணெய் மேலே போய்ச் சேரும்வரை உலோகம் உலோகத்தோடு உராய்கிறது. மிதமிஞ்சிய கெட்டி எண்ணெய் மெதுவாகவே போய்ச் சேரும். புது யந்திரங்களில் இடைவெளிகள் மிகக் குறுகலானவை. ஆதலால் கெட்டியானதே பலமானது என்னும் எண்ணம் தவறு.

2. தரம். டீஸல் யந்திரத்துக்கு உரிய எண்ணெய்கள் சி.ஐ.-4, சி.கே.-4 என்பன போன்ற குறிகளால் வகுக்கப்பட்டிருக்கின்றன. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி அமலுக்கு வந்தது. டீஸலிலுள்ள கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. அதன்பின் வந்த அநேக டீஸல் வண்டிகளின் புகைக்குழாயில், கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துவிடும். ஆனால் எண்ணெயிலுள்ள உலோக உப்புகள் எரிந்து உண்டாகும் சாம்பலை எரிக்க இயலாது. அது தங்கி வடிகட்டியை அடைத்துவிடும். ஆகவே இவ்வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயே உரியது. 2016-ல் வந்த சி.கே.-4 அத்தகையது, ஐரோப்பிய வகுப்பில் சி3 என்பதும் அவ்வாறே. பழைய வண்டிக்காரர் சொன்ன எண்ணெய் இதற்கு முந்திய வகுப்பாக இருப்பின், புது வண்டியின் வடிகட்டிக்கு அது பகையாகும்.

3. வண்டியின் புஸ்தகம். மேற்சொன்ன இரண்டையும் மனப்பாடம் செய்யவேண்டுவதில்லை. எந்தக் கனம், எந்தத் தரம், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பவை அனைத்தும் வண்டியோடு கொடுக்கப்படும் புஸ்தகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அதை எடுத்துச்சென்று கடைக்காரரிடம் காட்டுக. மாறான எண்ணெய் ஊற்றியதாகத் தெரிந்தாலும், மாற்றியதற்கு ரசீது இல்லாவிட்டாலும், கம்பெனியார் உத்தரவாதத்தை மறுக்க இடமுண்டு.

மலைப்பாதையில் கவனிக்க வேண்டியவை

புது வண்டியைப் புஸ்தகத்தில் குறித்த முதற் கிலோமீட்டர்கள் ஓடிமுடியும்வரை முழுப்பாரத்துடன் மலையேற்றலாகாது. அப்பொழுதுதான் பிஸ்டன் வளையங்கள் ஸிலிண்டரோடு இசைந்து படியும். புளியரைக்கு மேலுள்ள எஸ் வளைவில் உயர்ந்த கியரில் யந்திரத்தை முக்கவைப்பது, எண்ணெய்ப் படலத்தை நசுக்குவதாகும். முன்கூட்டியே கியரைக் குறைக்கவேண்டும். இறக்கத்தில் டீஸல் மிச்சமாகும் என்று கியரை விடுவித்து ஓட்டுவது பேராபத்து. ஏற்றம் முடிந்து நிறுத்தும்போது, டர்போ உள்ள யந்திரத்தை ஒரு நிமிஷமாவது மெதுவாக ஓடவிட்டு அணைக்கவேண்டும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலவல்ல அந்தச் சக்கரத்துக்கு, உடனே அணைத்தால் எண்ணெய் நின்றுபோகும், உஷ்ணம் நிற்காது.

நாள்தோறும் காலையில், சமதரையில், யந்திரம் ஆறியபின் அளவுக்கோலை எடுத்துப் பார்க்கவேண்டும். எண்ணெய் குறைந்தால் கசிவோ எரிவோ உண்டு. பால்போல் வெளுத்தால் குளிர்விக்கும் நீர் கலந்திருக்கிறது. இவற்றை ஓட்டுநர் பலர் அறிவர். எண்ணெய் அளவு ஏறினால் என்ன என்பதை அறிந்தவர் சிலரே. சந்தைக்கும் தோட்டத்துக்குமாகக் குறுகிய ஓட்டமே ஓடும் புது வண்டிகளில், வடிகட்டி கரியை எரிக்கத் தொடங்கி முடிக்குமுன் யந்திரம் அணைக்கப்படுகிறது. அதற்கெனச் செலுத்திய டீஸல் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. அளவு ஏறியது கண்டு மகிழாமல், எண்ணெயை மாற்றவேண்டும். வடிகட்டி விளக்கு எரியும்போது வண்டியை நிறுத்தாமல், புஸ்தகம் சொல்லுகிறபடி சிறிது தூரம் தொடர்ந்து ஓட்டுவதே இதற்குப் பரிகாரம்.

சங்கம் செய்யக்கூடியது

தனியொருவர் சில்லறையாக வாங்கும்போது, பழைய டப்பாவில் அடைத்த போலி எண்ணெய் கைக்கு வந்து சேரக்கூடும். ஒரே தரம் வேண்டிய பத்து வண்டிக்காரர்கள் சேர்ந்து, அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் மொத்தமாக ரசீதுடன் வாங்கினால் விலையும் குறையும், போலியும் ஒழியும். காலி டப்பாக்களைக் கிழித்தே எறியவேண்டும். வடித்த பழைய எண்ணெயைக் குண்டாற்றுத் தண்ணீர் பாயும் வாய்க்காலில் ஊற்றுவதும், கையால் அள்ளி மரச்சாமான்களுக்குப் பூசுவதும் தீமை. பயிருக்கும் தோலுக்கும் அது விஷம். ஒரே பீப்பாயில் சேர்த்துவைத்து, அதைச் சுத்திகரிக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுப்பதே முறை. வண்டிக்கு ஒரு சிறு நோட்டு வைத்து, எண்ணெய் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் தவணைக் கணக்கின் பக்கத்திலேயே எழுதிவருதல் நன்று. அவ்விரு கணக்குகளும் ஒன்றையொன்று சார்ந்தவை.

அச்சுக்கு மை இட்டவர் அக்காலத்தில் ஊர்போய்ச் சேர்ந்தார். புஸ்தகம் சொன்ன எண்ணெயைச் சொன்ன காலத்தில் மாற்றுகிறவர் கடனைத் தீர்த்து, வண்டியைத் தமக்கே சொந்தமாக்கிக்கொள்வார்.