விழுந்தவனும் விற்றவனும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



"இளைஞரும் துணிவும்" என்ற பொருளிலே பேசவேண்டுமெனச் செயலாளர் என்னைக் கேட்டார். துணிவைப் புகழ்ந்து பேச இந்த மேடைக்கு ஆட்பஞ்சமில்லை. ஆகவே அதன் மறுபக்கத்தை எடுத்துக்கொள்ள அநுமதி கேட்டேன். ஆபத்தென்று தெரிந்தே ஒரு காரியத்தில் இறங்குகிறான் ஒருவன். விழுந்து காலை ஒடித்துக்கொள்கிறான். அந்தக் கருவியைச் செய்து விற்றவன் அதற்குப் பொறுப்பாளியா? அல்லது விழுந்தவனே பொறுப்பாளியா? நாற்பது வருடம் சட்டப் புத்தகங்களோடு காலங்கழித்தவன் என்ற முறையிலே இதனைப் பேசுகிறேன். அந்த முறையில் மாத்திரமன்று. இவ்விஷயத்திலே பிழை செய்தவன் என்ற முறையிலும் பேசுகிறேன். அதைப் பின்னர் சொல்வேன்.

அமெரிக்க நாட்டிலே நியூ யோர்க் நகரத்தின் கடற்கரையில் கோனி ஐலண்ட் என்னும் களியாட்ட இடம் உண்டு. அங்கே 1897ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டு வரை ஸ்டீப்பிள்சேஸ் என்றொரு பூங்கா நடைபெற்றது. அதில் ஒரு விளையாட்டு. சாய்வான தளத்தின்மேல் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் நீண்ட பட்டி. அதில் ஏறி நிற்கலாம், அல்லது இருக்கலாம். நிற்பவர் நிலைதவறிப் பின்னாலோ பக்கத்திலோ விழுவார். அதற்காகவே சுவரிலும் தரையிலும் மெத்தை வைத்திருந்தார்கள். விழுவதும், விழுபவரைப் பார்த்துச் சிரிப்பதுமே வேடிக்கை. அதன் பெயரே "ஃபுளொப்பர்". தொப்பென்று விழச்செய்வது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

திடகாத்திரமான இளைஞன் ஒருவன் நண்பர்களோடு அங்கே போனான். பிற்காலத்தில் அவனுக்கு மனைவியான பெண்ணும் உடன் இருந்தாள். (அவள் உடன் இருந்ததனாலே துணிவு சற்றுக் கூடியிருக்கலாம். இது தீர்ப்பில் இல்லை, என் ஊகம்.) மற்றவர்கள் உருளுவதைப் பார்த்துவிட்டு அவனும் ஏறினான், விழுந்தான், முழங்காற் சிரட்டை உடைந்தது. பட்டி திடீரெனக் குலுங்கியது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை என்று வழக்கு வைத்தான். கீழ் நீதிமன்றங்கள் அவன் பக்கம் நின்றன. 1929ஆம் ஆண்டு வழக்கு நியூ யோர்க்கின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பெஞ்சமின் கார்டோசோ என்ற பிரதம நீதியரசர் முன்னே வந்தது. அவர் தீர்ப்பை மாற்றினார். விளையாட்டின் இயல்பிலே வெளிப்படையாகக் கிடக்கும் ஆபத்தை, அதில் இறங்குபவன் ஏற்றுக்கொண்டவனாகிறான். குலுங்காத பட்டி வேண்டுமானால் அதில் ஏறுவானேன்? ஓர் ஆண்டில் இரண்டரை இலட்சம் பேர் ஏறிய விளையாட்டிலே சிலருக்குச் சில காயங்கள் நேர்வதையும் அவர் வியப்பாகக் கொள்ளவில்லை.

இங்கிருக்கும் பெரியோர்கள் சிலர் இப்போது தலையசைக்கிறார்கள். "நாங்களும் இதைத்தானே சொல்லி வருகிறோம்" என்பது அந்தத் தலையசைப்பின் பொருள். சற்றுப் பொறுங்கள். அதே தீர்ப்பில் அடுத்து வரும் பகுதியைப் பலர் வாசிப்பதில்லை. ஆபத்துக் கண்ணுக்குத் தெரியாததாக இருந்தால் நியாயம் வேறு. இவ்வளவு கொடிய ஆபத்துக்குத் தக்க காவல் செய்திருப்பார்கள் என்று எவரும் நம்பக்கூடியதாக இருந்தால் நியாயம் வேறு. விபத்துகள் மலிந்து, விளையாட்டை மாற்றாமல் நடத்தவே கூடாத நிலை வந்தாலும் நியாயம் வேறு. கார்டோசோ கதவைச் சாத்தினார். ஆனால் தாழ்ப்பாள் போடவில்லை.

அன்றியும், அதே நீதியரசர் பதின்மூன்று வருடங்களுக்கு முன், 1916இல், இன்னொரு தீர்ப்பு எழுதியிருந்தார். பியூக் மோட்டார் வண்டி ஒன்றை ஒருவர் வியாபாரியிடம் வாங்கினார். ஓடிக்கொண்டிருக்கையிலே மரத்தாற் செய்த சில்லின் ஆரக்கால்கள் நொறுங்கின. அவர் தூக்கி எறியப்பட்டார். சில்லைப் பியூக் கம்பெனி தானே செய்யவில்லை; வேறொரு தொழிற்சாலையில் வாங்கிப் பூட்டியது. ஆனால் பூட்டுமுன் தக்கபடி சோதித்திருந்தால் பழுதைக் கண்டிருக்கலாம். கம்பெனியார் சொன்ன மறுமொழி யாதெனின், "இவர் எங்களிடம் வாங்கவில்லை, வியாபாரியிடமே வாங்கினார். எங்களுக்கும் இவருக்கும் ஒப்பந்தம் ஏது?" என்பதாகும். இது பழைய வாதம். 1842இலே இங்கிலாந்தில் தபால் வண்டி உடைந்து சாரதி முடமானபோது, வண்டியைப் பராமரிக்க ஒப்புக்கொண்டவனுக்கும் சாரதிக்கும் ஒப்பந்தம் இல்லையென்று சொல்லி அவனை வெறுங்கையோடு அனுப்பியது நீதிமன்றம். எழுபத்துநான்கு வருடம் கழித்துக் கார்டோசோ அந்த வாதத்தைத் தள்ளினார். கவனயீனமாகச் செய்தால் உயிருக்கு ஆபத்தாகும் பொருளைச் செய்து, அது சோதனையின்றிப் பிறர் கைக்குப் போகும் என்று அறிந்தவன், ஒப்பந்தம் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, பொறுப்பாளியே என்றார்.

ஒரே மனிதர், ஒரே பேனா. சில்லு நொறுங்கியவனுக்கு நட்டஈடு. பட்டியில் விழுந்தவனுக்கு இல்லை. முரண் அன்று. பட்டியில் ஏறியவன் கண்ட ஆபத்தினாலே விழுந்தான். வண்டி வாங்கியவனோ காணாத ஆபத்தினாலே விழுந்தான். கண்டதை ஏற்கலாம், காணாததை எங்ஙனம் ஏற்பது?

நிற்க. இளைஞர்கள் இனிமேற் கவனமாகக் கேட்கவேண்டும். இது உங்கள் மோட்டார் சைக்கிள்களைப் பற்றியது. விபத்தை உண்டாக்கியவன் ஓட்டியவனே. ஆனால் காயத்தைப் பெருப்பித்தது கருவி என்றால் என்ன செய்வது? 1964இலே மிச்சிகன் மாநிலத்தில் ஷெவ்றொலெட் கோர்வேர் வண்டி ஒன்று நேருக்குநேர் மோதியது. மோதலின் வேகத்தில் சுக்கானின் தண்டு பின்னோக்கி வந்து ஓட்டியவரின் தலையிலே தாக்கியது. தண்டு மோதலை உண்டாக்கியதென்று எவரும் சொல்லவில்லை. ஜெனறல் மோட்டோர்ஸ் கம்பெனியார், வண்டி செய்வது ஓடுவதற்கு, மோதுவதற்கன்று. மோதலுக்கேற்ப வண்டி அமைக்கும் கடமை தமக்கில்லை என்றார்கள். 1966இல் வேறொரு வழக்கிலே ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றும் இருந்தது. ஆனால் 1968இலே இந்த வழக்கைக் கேட்ட நீதிமன்றம் ஏற்கவில்லை. வண்டிகள் ஓடும் தெருவிலே மோதல் நிகழும் என்பது செய்பவனுக்குத் தெரியாத இரகசியமா? மோதலுக்கு அவன் பொறுப்பாளியல்லன். ஆனால் வண்டியின் அமைப்புப் பழுதினாலே கூடிய காயம் எவ்வளவோ அவ்வளவுக்கு அவன் பதில் சொல்லவேண்டும் என்று கூறி, வழக்கை விசாரணைக்கு அனுப்பியது.

சிறுவர் விஷயத்தை இரண்டு சொல்லிலே முடிக்கிறேன். அமெரிக்காவிலே புற்றரையில் எறிந்து விளையாடும் பாரமான இரும்பு முனை அம்புகள் விற்கப்பட்டன. 1970 முதல் அவற்றை விளையாட்டுப் பொருட்கடையில் விற்கக்கூடாது, எச்சரிக்கை ஒட்டவேண்டும் என்று விதித்தார்கள். அம்பு எச்சரிக்கையை வாசிக்குமா? 1987இலே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, எவரோ எறிந்த அம்பு தலையிற் பட்டு இறந்தாள். அவளுடைய தந்தை ஓயாமல் அலைந்ததன் பயனாக 1988 டிசெம்பரில் விற்பனையே தடைசெய்யப்பட்டது. ஆபத்தைத் தெரிந்தேற்றவன் என்ற வாதம் அந்தக் குழந்தையிடம் எப்படிச் செல்லும்?

எங்கள் நாட்டிலும் ஒரு காலத்தில் விழுந்தவன் பக்கத்திலே சிறிது பிழையிருந்தால் அவன் முழுவதையும் இழந்து நிற்க நேர்ந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதனை மாற்றியது. இப்போது நீதிபதி பிழையைப் பங்கு பிரிக்கலாம். இவனில் இவ்வளவு, அவனில் இவ்வளவு என்று. இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் என் வீட்டிலே மறந்துபோனேன்.

என் தங்கையின் மகன் சில வருடங்களுக்கு முன் இரவிலே சிநேகிதரோடு மோட்டார் சைக்கிளில் ஓட்டப்போட்டி ஓடினான். வளைவிலே சறுக்கிற்று. தலைக்கவசம் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் என் தங்கை அழுதுகொண்டு நிற்கையில் நான் சொன்னது இது: "ஓடின ஓட்டத்துக்குத்தான் கிடைச்சிருக்கு. ஆரை நோகிறது?" அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டிலே அந்தத் தலைக்கவசத்தைக் கண்டாலே அவளுக்கு நடுக்கம். அதைத் தூக்கி எறிந்துவிடும்படி சொன்னவனும் நானே.

நாலு மாதம் சென்றது. பேச்சுத் திரும்பியபின் ஒரு நாள் அவன் என்னிடம், "மாமா, நான் வார் போட்டுத்தான் இருந்தனான்" என்றான். நான் நம்பவில்லை. அவனுடைய சிநேகிதன் அதே கடையில் அதே மாதிரித் தலைக்கவசம் வாங்கியிருந்தான். அதைக் கொண்டுவரச் சொன்னேன். தாடை வாரைப் பிடித்திருந்த சிறிய ஆணி, மெல்லிய பிளாஸ்ரிக்கில் இறுக்கியது. இரண்டு விரலால் இழுத்தேன். கழன்று கையோடு வந்தது.

சறுக்கியது அவன் பிழை. அதில் ஐயமில்லை, இன்றும் அவனுக்கு அதைச் சொல்கிறேன். ஆனால் தலைக்கவசம் விழாதவனுக்காகச் செய்யப்படுவதன்று, விழுபவனுக்காகவே செய்யப்படுவது. விழுகிறபோது கழலும் தலைக்கவசத்தை விற்றவனிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கேட்பதற்குச் சாட்சி வேண்டும். சாட்சியைக் குப்பையில் எறியச் செய்தவன் சட்டத்தரணி. பற்றுச்சீட்டும் இல்லை. சிநேகிதனுடைய கவசத்தைக் காட்டியபோது கடைக்காரர், அதை நானே இழுத்துப் பிய்த்ததாகச் சொன்னார். அதிலும் உண்மை இருந்தது!

மருமகனுக்கு இடக்கை இன்னும் முழுதாக மடங்காது. இந்தச் சபையிலே பின்வரிசையில் இருக்கிறான். அவனுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொன்னேன். இந்தப் பேச்சை எழுதும்போது அவனைக் கூப்பிட்டு, பங்கு பிரிக்கும் சட்டத்தை விளக்கினேன். "அப்படியெண்டால் மாமா, பத்திலே என்ரை பங்கு எத்தனை?" என்று கேட்டான். யோசித்துவிட்டு ஆறு என்றேன். அவன் ஏழு என்றான். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் தங்கை, இரண்டு என்றாள்.

மூவரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தலைவர் அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள், இவ்வளவில் அமைகிறேன்.